எலும்புக்கு ஒரு வலிமை இருக்கும்போது காயக் கணக்கில் நிகழ்தகவு எதற்கு?

கேள்வி இது. அமெரிக்கக் கார் மோதல் சோதனை ஒன்றைப் பற்றிப் படித்தபோது "தலைக்காய அபாயம் 11 சதவீதம்" என்று இருந்ததாம். எலும்பு ஒரு பொருள், அதற்கென்று ஒரு வலிமை உண்டு, விசை அதைத் தாண்டினால் உடையும், தாண்டாவிட்டால் உடையாது, அப்படியிருக்க இதில் நிகழ்தகவு எங்கிருந்து வந்தது, பொறியாளர்கள் தெரியாததை மழுப்புகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொஞ்சம் மழுப்பல் இருக்கத்தான் செய்கிறது. எந்த இடத்தில் என்று போகப்போகச் சொல்கிறேன். ஆனால் நிகழ்தகவு வந்ததற்கு அது காரணமில்லை.

பிள்ளையார் கோயில் வாசலில் சிதறுகாய் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே ஆள், அதே கல், ஏறக்குறைய அதே வேகம். ஒரு காய் சில்லுச்சில்லாகத் தெறிக்கிறது, அடுத்தது டொங்கென்று எகிறிக் குதித்து உருண்டு ஓடுகிறது. ஓட்டின் தடிமன், முற்றல், எந்தப் பக்கம் கல்லில் பட்டது என்று காய்க்குக் காய் மாறுகிறது. இப்போது "தேங்காய் உடைய எவ்வளவு விசை வேண்டும்?" என்று ஒருவர் கேட்டால் ஒற்றை எண்ணைச் சொல்ல முடியாது. "இந்த வேகத்தில் போட்டால் நூற்றில் இத்தனை உடையும்" என்றுதான் சொல்ல முடியும். மண்டையோடும் விலா எலும்பும் அப்படித்தான். உங்கள் எலும்புக்கு ஒரு திட்டமான வலிமை இருக்கலாம், ஆனால் அதை உடைத்துப் பார்க்காமல் யாரும் தெரிந்துகொள்ள முடியாது, உடைத்துப் பார்த்தபின் தெரிந்து உங்களுக்குப் பயனில்லை.

தேங்காயில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது, இந்தத் துறையின் பாதிப் புள்ளியியல் அதைச் சுற்றித்தான் ஓடுகிறது. ஒரு காயைப் போட்டீர்கள், உடைந்தது. அது உடைய அவ்வளவு வேகம் தேவையா, பாதி வேகம் போதுமா? தெரியாது. இன்னொன்றைப் போட்டீர்கள், உடையவில்லை. சரி, இன்னும் கொஞ்சம் வேகமாக அதையே போடலாமா என்றால், முதல் அடியிலேயே உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கலாம், அதனால் இரண்டாவது அடியை நம்ப முடியாது. ஆக ஒவ்வொரு சோதனையும் "வலிமை இதற்குக் கீழே எங்கோ" அல்லது "இதற்கு மேலே எங்கோ" என்று மட்டும்தான் சொல்கிறது. சரியான எண் ஒன்றுகூடக் கைக்குக் கிடைப்பதில்லை. இப்படி ஒரு பக்கம் மூடிய தகவல்களிலிருந்து ஒரு வளைகோட்டை வரைவதற்கு, நோயாளிகள் எத்தனை காலம் வாழ்வார்கள் என்று மருத்துவப் புள்ளியியலில் கணக்கிடும் அதே முறைகளைத்தான் காயவியலும் எடுத்துக்கொண்டது. அங்கே காலம் இருக்கும் இடத்தில் இங்கே விசை.

இனி, யாருடைய எலும்பை உடைத்தார்கள் என்பதற்கு வருவோம்.

உயிருள்ளவர்களை வைத்தும் சோதித்திருக்கிறார்கள், ஆனால் காயம் வரைக்கும் போக முடியாது. அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப், 1954 டிசம்பர் 10 அன்று நியூ மெக்சிகோவில் ஹோலோமன் தளத்தில் ராக்கெட் சறுக்குவண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு மணிக்கு 1,017 கி.மீ. வேகம் போய், 1.4 விநாடியில் நின்றார். உச்சத்தில் 46.2 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு தரும் முடுக்கம்). இரண்டு கண்களிலும் ரத்தம் கட்டி சிறிது நேரம் பார்வை போனது, பிறகு திரும்பிவிட்டது, 89 வயதுவரை வாழ்ந்தார். அதற்கு முன்னால் 18 ஜி என்பதே மனிதன் தாங்கும் எல்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள், அந்த நம்பிக்கையை அவருடைய ஓட்டங்கள் ஒழித்தன. ஆனால் நம் கணக்குக்கு அவர் ஒரே ஒரு புள்ளி: "இந்த மனிதர், இந்தப் பட்டைகளோடு, இந்த நிலையில், 46 ஜிக்கு மேலே எங்கோ." உருண்டு ஓடிய தேங்காய். இதை வைத்து "மனிதன் 46 ஜி தாங்குவான்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

காயம் வரைக்கும் போக வேண்டுமானால் தானமாகக் கிடைத்த சடலங்கள்தான். டெட்ராய்ட் நகரில் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பொறியாளர் லிஸ்னரும் நரம்பியல் அறுவை மருத்துவர் குர்ஜியனும் 1930களின் கடைசியில் தொடங்கிய வேலை இது. மண்டையோட்டின் மீது எடை போட்டுப் பார்த்தார்கள், மின்தூக்கி ஓடும் குழிக்குள் சடலங்களை விழச்செய்தார்கள். கேட்கவே ஒருமாதிரி இருக்கும். அங்கே பணிபுரிந்த ஆல்பர்ட் கிங்கும் சகாக்களும் 1995இல் ஒரு கணக்குப் போட்டார்கள்: இந்த ஆய்வுகளால் வந்த மாற்றங்கள் ஆண்டுக்குச் சுமார் 8,500 உயிர்களைக் காக்கின்றன என்று. அதுவும் ஒரு மதிப்பீடுதான், ஆனால் அளவு புரிகிறது.

அங்கிருந்து வந்ததுதான் வேய்ன் ஸ்டேட் தாங்குதிறன் வளைகோடு. தலைக்கு வரும் முடுக்கம் அதிகமானால் அது நீடிக்கும் நேரம் குறைவாக இருக்க வேண்டும், முடுக்கம் குறைவானால் கொஞ்சம் நேரம் தாங்கலாம் என்று காட்டும் கோடு. இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். சடலத்துக்கு மயக்கம் வராது. அதனால் அவர்கள் அளந்தது மண்டையோட்டுக் கீறல்முறிவை. மண்டையோட்டில் அப்படி முறிவு உள்ள நோயாளிகளில் சுமார் 80 சதவீதம் பேருக்கு மூளை அதிர்ச்சியும் இருந்தது என்பது குர்ஜியனின் மருத்துவமனை அனுபவம். ஆகவே முறிவை மூளைக்காயத்துக்குப் பதிலாளாக வைத்துக்கொண்டார்கள். அதோடு கோட்டின் முதல் பகுதி விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய அளவு சோதனைகளிலிருந்து வந்தது. நீங்கள் மழுப்பல் என்று சொன்னீர்களே, அதில் ஒன்று இது.

அந்தக் கோட்டை மடக்கைத் தாளில் வரைந்தால் ஏறக்குறைய நேர்கோடாக வருகிறது, அதன் சரிவிலிருந்து 2.5 என்ற அடுக்கை 1966இல் காட் என்ற ஆய்வாளர் எடுத்தார். 1971இல் வெர்சாஸ் என்பவர் அதைத் திருத்தி எழுத, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு அதைத் தலைக்காய அளவுகோலாக ஏற்றது. நாங்கள் எச்.ஐ.சி. என்று சொல்வது இதைத்தான். கணக்கு எளிது: தலையின் சராசரி முடுக்கத்தை 2.5 அடுக்குக்கு உயர்த்தி, நேரத்தால் பெருக்க வேண்டும். 10 மில்லிசெகண்டுக்குச் சராசரி 80 ஜி என்றால் 572 வரும். நேரம் இரண்டு மடங்கானால் எண்ணும் இரண்டு மடங்குதான் ஆகும். முடுக்கம் இரண்டு மடங்கானால் எண் ஐந்தரை மடங்குக்கும் மேல் போய்விடும். தலை மோதும் இடத்தில் நான்கு விரல் இடைவெளியும் கொஞ்சம் நசுங்கும் பொருளும் ஏன் அவ்வளவு மதிப்பு பெறுகின்றன என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் 11 சதவீதம். கார்களின் பாதுகாப்புக்கு ஐந்து வரை நட்சத்திரம் தரும் அமெரிக்க மதிப்பீட்டில் எச்.ஐ.சி. எண்ணை நிகழ்தகவாக மாற்ற ஒரு வளைகோடு இருக்கிறது, எச்.ஐ.சி.யின் மடக்கை ஒரு இயல்நிலைப் பரவலில் அமைவதாக எடுத்துக்கொண்டு வரைந்தது. அதன் நடுப்புள்ளி ஏறக்குறைய 1,724. அதாவது டம்மியின் (சோதனைக் காரில் உட்காரவைக்கும் மனித உருவப் பொம்மை) தலை 1,724 காட்டினால் சரிபாதி வாய்ப்பு. 1,000 காட்டினால் 23 சதவீதம், 700க்கு 11 சதவீதம், 250க்கு அரை சதவீதத்துக்கும் கீழே. நீங்கள் படித்த சோதனையில் டம்மியின் தலை 700ஐ ஒட்டி வந்திருக்கும்.

எதற்கு வாய்ப்பு? மரணத்துக்கு இல்லை. காயங்களை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கும் ஏ.ஐ.எஸ். என்ற அளவுகோல் ஒன்று உண்டு (நம் நாட்டு வாகனத் தர விதிகளுக்கும் இதே பெயர்ச்சுருக்கம்தான், அதுவும் இதுவும் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). மேலே சொன்ன 11 சதவீதம், தரம் 3 அல்லது அதற்கு மேல் காயம் வருவதற்கான வாய்ப்பு. இதே 700ஐ அமெரிக்கச் சட்டம் சராசரி ஆண் டம்மிக்கு உச்சவரம்பாக வைத்திருக்கிறது. அந்த வரம்பைப் பரிந்துரைத்தவர்கள் அதைத் தரம் 4 அல்லது அதற்கு மேல் காயத்துக்கு 5 சதவீத அபாயம் என்று விளக்கினார்கள். ஒரே 700க்கு இரண்டு வெவ்வேறு சதவீதங்கள், இரண்டும் சரி, ஏனென்றால் கேள்விகள் வேறு. எந்தத் தரம் என்று சொல்லாமல் சதவீதத்தை மட்டும் எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை. 699க்கும் 701க்கும் இடையில் உடம்பில் எதுவும் நடப்பதில்லை என்பதும் இதிலிருந்தே வருகிறது. 5 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று மனிதர்கள் கூடி எடுத்த முடிவு அது.

அப்புறம் அந்த 11 சதவீதம் உங்களுடையதும் இல்லை. சராசரி ஆண் டம்மி ஒன்று, சுமார் 175 செ.மீ. உயரமும் 78 கிலோ எடையும் கொண்டது, அந்த மோதலில் 700 காட்டியது. அதே மோதலில் நூறு வெவ்வேறு மனிதர்களை உட்காரவைத்திருந்தால் பதினொரு பேருக்கு அந்த அளவு காயம் வந்திருக்கும் என்பதுதான் வாசகத்தின் பொருள். எலும்புக்கு எலும்பு உள்ள வேறுபாடும், நம் அறியாமையும், அளவுகோலின் குறையும் மூன்றும் கலந்த எண் அது. எச்.ஐ.சி.யில் தலை நேர்கோட்டில் வேகம் மாறுவது மட்டும்தான் இருக்கிறது, தலை சுழல்வது இல்லை. மூளையைக் கிழிப்பது பெரும்பாலும் சுழற்சிதான் என்று ஆக்ஸ்போர்டில் ஹோல்பர்ன் என்பவர் 1943லேயே எழுதிவிட்டார். சுழற்சிக்கென்று தனி அளவுகோலை அமெரிக்க அமைப்பின் ஆய்வாளர்கள் முன்வைக்க 2013 ஆனது. எழுபது வருடம்!

கழுத்துக்கு வந்தால் கதை இன்னும் விநோதம். கழுத்துக்கு என்.ஐ.ஜே. என்று ஒரு எண். இழுவிசையும் வளைவும் சேர்ந்து எவ்வளவு என்று சொல்வது, 1 என்பது வரம்பு. வளைகோட்டின்படி 1க்கு 22 சதவீத அபாயம். சரி, பூஜ்யத்துக்கு? அதே சூத்திரத்தில் 0 போட்டுப் பாருங்கள், 3.8 சதவீதம் வரும். கழுத்தில் எந்த விசையும் இல்லாமல், சோபாவில் சும்மா உட்கார்ந்திருக்கிற நூறு பேரில் நான்கு பேருக்குக் கழுத்தில் கடுமையான காயம். நம்புகிற மாதிரியா இருக்கிறது? காரணம், லாஜிஸ்டிக் என்ற கோட்டு வடிவம் பூஜ்யத்தைத் தொட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லாதது. அதன் அடியில் உள்ள தரவோ, பன்றிக்குட்டிகளின் மீது காற்றுப்பையை விரியவிட்டு, அதே நிலையில் மூன்று வயதுக் குழந்தை டம்மியையும் வைத்து ஒப்பிட்ட சோதனைகள். அங்கிருந்து வளர்ந்த ஆணுக்கு அளவு மாற்றிக் கொண்டுவந்தார்கள். பன்றிக்குட்டியைப் பழிக்கவில்லை, வேறு வழி இல்லாமல் போனது புரிகிறது. ஆனால் கடும் விசைகளைச் சுற்றியே தரவு இருக்கும்போது கோட்டின் அடிவால் வெறும் சூத்திரத்தின் குணம்தான், உடம்பின் குணம் இல்லை. இன்றைய கார்களில் பெரும்பாலான அளவீடுகள் அந்த அடிவாலில்தான் விழுகின்றன என்பதுதான் தலைவலி.

ஏன் தலைவலி என்றால், எல்லா உறுப்பின் அபாயத்தையும் சேர்த்து ஒரே எண்ணாக்கித்தான் நட்சத்திரம் தருகிறார்கள். தலை, கழுத்து, மார்பு, தொடை ஒவ்வொன்றும் தப்புவதற்கான வாய்ப்பைப் பெருக்கி ஒன்றிலிருந்து கழிப்பது முறை. தலை 1, கழுத்து 8, மார்பு 4, தொடை 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 13.4 சதவீதம். இதை 15 சதவீதம் என்ற அடிப்படை அபாயத்தோடு ஒப்பிடுவார்கள். விகிதம் 0.67க்குக் கீழே இருந்தால் ஐந்து நட்சத்திரம். நம் உதாரணம் 0.9 வருகிறது, நான்கு நட்சத்திரம். அதில் பாதிக்கும் மேல் கழுத்திலிருந்து வந்தது, அந்தக் கழுத்தின் 8இல் ஏறக்குறைய 4, சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் வரும் 4. இது தவிர, இப்படிப் பெருக்குவது நான்கு உறுப்புகளும் ஒன்றையொன்று சாராதவை என்று கொள்கிறது. ஒரே ஆளின் எலும்பு தலையில் மட்டும் பலவீனமாக இருக்குமா என்ன?

மார்புக் கணக்குதான் என்னைப் பொறுத்தவரை இருப்பதிலேயே நேர்மையானது, ஏனென்றால் அதில் வயது வெளிப்படையாக நிற்கிறது. டம்மியின் மார்பு 40 மி.மீ. உள்வாங்கியது என்று வையுங்கள். 35 வயதுக்காரருக்குத் தரம் 3 அல்லது அதற்கு மேல் காய வாய்ப்பு 12 சதவீதம். அதே 40 மி.மீ.க்கு 65 வயதில் 45 சதவீதம். காரும் மோதலும் பெல்ட்டும் மாறவில்லை. வயதானவர்களின் விலா எலும்பு மெலிந்தும் விலாக்கூட்டின் நெகிழ்வு குறைந்தும் போவதால் வரும் வித்தியாசம் இது. நட்சத்திர மதிப்பீட்டில் 35 வயதைப் போட்டு மூடிவிடுகிறார்கள். அப்பாவையோ அம்மாவையோ முன்சீட்டில் உட்காரவைத்து ஓட்டுகிற யாரும் இந்த ஒரு எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம், நான் வைத்திருக்கிறேன், அப்பா பக்கத்தில் இருந்தால் என் வேகம் தானாகவே குறைகிறது.

பெண்கள் விஷயமும் இதே வகைதான். நீண்ட காலம் பெண் டம்மி என்று பயன்பட்டது, ஆண் டம்மியைச் சுருக்கிச் செய்த, 50 கிலோகூட இல்லாத ஒரு சின்ன உருவம். பெல்ட் போட்டிருந்த பயணிகளை வைத்து வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், நேர்முக மோதலில் கடும் காயம் அடைவதற்கான சாதக விகிதம் (காயம் வரும் வாய்ப்பை வராத வாய்ப்பால் வகுத்தது) பெண்களுக்கு 73 சதவீதம் அதிகம் என்று வந்தது. உயரம், எடை, வயது, மோதல் கடுமை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அவ்வளவு. வளைகோடு வரையும்போது யார் உள்ளே இருந்தார்கள் என்பது பின்னால் எவ்வளவு காசு போட்டாலும் திருத்த முடியாத விஷயம்.

ஆய்வகம் வேண்டாம், சாலையில் உண்மையில் நடந்த விபத்துகளை வைத்து வரையலாமே என்று கேட்பீர்கள். வரைகிறார்கள், அங்கே வேறு குழி. பாதசாரியைக் கார் இடித்தால் மரண வாய்ப்பு மணிக்கு 30 கி.மீ.யில் 10 சதவீதம், 50 கி.மீ.யில் 80 சதவீதம் என்ற சுவரொட்டிகளை நீங்களும் பார்த்திருக்கலாம். 80 என்ற எண் பழைய தரவுகளிலிருந்து வந்தது. அவற்றில் மருத்துவமனைக்கோ காவல்துறைக்கோ வந்த கடுமையான விபத்துகள்தான் அதிகம், முழங்கால் சிராய்ப்போடு தட்டிவிட்டு எழுந்து போனவர்கள் பதிவிலேயே ஏறவில்லை. இறந்தவர்கள் எல்லோரும் கணக்கில் இருக்கிறார்கள், பிழைத்தவர்களில் பாதிப்பேர் இல்லை, அப்போது சதவீதம் ஊதிப்போகும். ரோசேன், சாண்டர் என்ற ஆய்வாளர்கள் 2009இல் ஜெர்மனியின் விபத்துத் தரவை நாட்டின் மொத்தப் புள்ளிவிவரத்துக்கு ஏற்ப எடைபோட்டுத் திருத்தியபோது, 50 கி.மீ.யில் மரண வாய்ப்பு 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அமெரிக்காவில் 2011இல் வந்த இன்னொரு கணக்கில் மரண வாய்ப்பு சரிபாதியாவது மணிக்கு 68 கி.மீ. வேகத்தில்.

அப்படியானால் நகருக்குள் 50இல் போகலாமா என்று உடனே கேட்பவர்கள் உண்டு. அதே ஜெர்மன் ஆய்வில் 50 கி.மீ.யின் அபாயம் 30 கி.மீ.யைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். கோடு கீழே இறங்கியது, அதன் ஏற்றம் அப்படியே இருக்கிறது. காயக் கணக்கில் நான் தனி எண்ணைவிட இந்த மாதிரி விகிதத்தைத்தான் அதிகம் நம்புவேன்.

ஒரே உறுப்புக்கு இரண்டு வளைகோடுகள் எவ்வளவு முரண்படும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம் சொல்லிவிடுகிறேன். வெடிப்பின் அழுத்த அலையால் செவிப்பறை கிழிவது. ஆலை விபத்து ஆய்வுகளில் பயன்படும் ப்ராபிட் சூத்திரம் (பூச்சிமருந்துக்கு எத்தனை பூச்சி சாகும் என்று கணக்கிட பிளிஸ் என்பவர் 1934இல் கொண்டுவந்த முறைதான் இது, பூச்சியிலிருந்து மனிதனுக்கு வந்துவிட்டது) சரிபாதி வாய்ப்பு 43 கிலோபாஸ்கலில் என்கிறது. வெடிமருந்துத் துறையில் நெடுங்காலம் புழங்கிய எண்ணோ 100 கிலோபாஸ்கலைத் தாண்டுகிறது. இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். தொழிற்சாலையைச் சுற்றி எவ்வளவு தூரம் வீடு கட்டக்கூடாது என்று முடிவெடுப்பவர் எந்தச் சூத்திரத்தை எடுக்கிறார் என்பதில் ஒரு தெருவே உள்ளே வரும் அல்லது வெளியே போகும். இரண்டு அறிக்கையிலும் தசமப் புள்ளி வரைக்கும் எண் இருக்கும், அதுதான் வேடிக்கை.

நம் நாட்டு மதிப்பீட்டில் இந்தச் சதவீதத்தைத் தேடினால் கிடைக்காது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்.சி.ஏ.பி. நிகழ்தகவைப் பெருக்கிக் கணக்கிடுவதில்லை, பெரியவர்கள் பாதுகாப்புக்கு மொத்தம் 32 புள்ளி வைத்து, டம்மி அளவீடுகள் வரம்பை நெருங்க நெருங்கப் புள்ளியைக் குறைக்கிறது. முன்பக்கச் சோதனையில் காரின் ஒரு பக்கம் மட்டும் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நசுங்கும் தடுப்பில் மோதும். நீங்கள் படித்த அமெரிக்கச் சோதனையில் காரின் முழு முகமும் 56 கி.மீ. வேகத்தில் அசையாத சுவரில் மோதும். அங்கே வாங்கிய ஐந்து நட்சத்திரத்தையும் இங்கே வாங்கிய ஐந்து நட்சத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் என்று பார்க்க முடியாது.